எண்ணப்பட்டவர் யார்? ஒரகடச் சாலையோரம் புள்ளியியலும் பொருளியலும்

பொருளியலும் புள்ளியியலும் நம் கலைக் கல்லூரிகளில் ஒரே பட்டப் படிப்பின் இரு பாடங்களாக இருந்தும், ஒன்றையொன்று அறியாதவை போலவே பயிற்றப்பட்டு வருகின்றன. இளங்கலை மாணவர் ஒரு பருவத்தில் கூலி நிர்ணயக் கோட்பாடுகளைப் படிக்கிறார். வேறொரு பருவத்தில் கூட்டுச் சராசரி, இடைநிலை, முகடு, திட்ட விலக்கம் ஆகியவற்றைக் கணக்கிடப் பழகுகிறார். 'பத்துத் தொழிலாளரின் நாட்கூலி பின்வருமாறு' என்று தொடங்கும் கணக்கில் அந்தப் பத்துப் பேர் எந்த ஊரினர், எந்த ஆண்டினர், அவர்களோடு வேலை செய்த பதினோராவது ஆள் ஏன் விடுபட்டார் என்பன கேட்கப்படுவதில்லை. விடை சரியாக வந்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். சூத்திரத்தில் இடுவதற்கு முன்பாக, இவ்வெண்கள் யாரால், யாரைக் குறித்து, எதற்காகத் திரட்டப்பட்டன என்று வினவுவதே புள்ளியியலின் முதற்பாடமாக இருத்தல் வேண்டும் என்பது நமது கருத்து. அவ்வினாவைக் கேட்கத் தொடங்கிய மாத்திரத்தில் மாணவர் பொருளியலுக்குள் நுழைந்து விடுகிறார்.

இதனை விளக்குவதற்கு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவில் வரை நீளும் சாலையைவிடப் பொருத்தமான இடம் தமிழகத்தில் அரிது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலையின் முதற்கார் 1998-இல் வெளிவந்தது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் நிறுத்தியது. ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் 2010-இலும், டைம்லர் 2012-இலும் ஆலைகளைத் திறந்தன. கால் நூற்றாண்டுக்குள் ஏரிப் பாசன நெல்வயல்களின் நடுவே இத்தனையும் எழுந்துள்ளன. இப்பகுதிக் கிராமங்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவரின் தந்தை நிலம் விற்றவராகவும், அண்ணன் ஒப்பந்தத் தொழிலாளியாகவும் இருக்கக் கூடும். அவருக்கு வேண்டிய எடுத்துக்காட்டுகள் கம்பெனி பஸ் நிற்கும் தெருமுனையிலேயே கிடைக்கின்றன. பாடநூல்தான் அவற்றைத் தேடி எங்கோ செல்கிறது.

ஒன்று புள்ளி எட்டு மடங்கு

2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் அருகிலுள்ள சாம்சங் ஆலைத் தொழிலாளரில் பெரும் பகுதியினர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஐந்து வாரங்களுக்கு மேல் அது நீடித்தது. சங்கத்துக்கு ஏற்பு வேண்டும் என்பது தலையாய கோரிக்கை. ஊதிய உயர்வும் உடன் இருந்தது. தொழிலாளர் மாதந்தோறும் சராசரியாக ரூ.25,000 பெறுவதாகவும், அது மூன்றாண்டுகளில் ரூ.36,000 ஆக வேண்டும் என்றும் தொழிற்சங்கத் தரப்பு கூறியதாகச் செய்திகள் வந்தன. நிர்வாகமோ, தன் ஆலையின் முழுநேர உற்பத்தித் தொழிலாளரின் சராசரி மாத ஊதியம், இவ்வட்டாரத்தின் பிற நிறுவனங்களில் பணிபுரியும் ஒத்த தொழிலாளரின் சராசரியைப் போல் 1.8 மடங்கு என அறிவித்தது.

இவ்விரு கூற்றுகளையும் கரும்பலகையில் எழுதி வைத்தால் ஒரு பருவத்துக்குரிய பாடம் அவற்றிலேயே அடங்கியுள்ளது. எவர் சொன்னது உண்மை என்று மாணவர் உடனே கட்சி பிரிவர். ஆசிரியர் அதற்கு இடங்கொடாமல் சொற்களைப் பிரித்துக் காட்டுதல் வேண்டும். 'முழுநேர' என்ற அடைமொழி பயிற்சியாளரையும் ஒப்பந்தத் தொழிலாளரையும் எந்தப் பக்கத்தில் நிறுத்துகிறது? 'ஒத்த' என்பது வேலையின் வகையில் ஒத்ததா, பணிக்காலத்திலும் ஒத்ததா? 'வட்டாரம்' எங்கே முடிகிறது? இந்த ஆலை 2007 முதல் இயங்குவது. பத்தாண்டு, பதினைந்தாண்டு அனுபவம் உடையோர் நிறைந்த ஓர் ஆலையின் சராசரியை, ஓராண்டுப் பயிற்சியாளர் மிகுந்த மற்றோர் ஆலையின் சராசரியோடு ஒப்பிட்டால், வேறுபாட்டின் ஒரு பங்கு அனுபவத்துக்குரியது, நிறுவனத்தின் தாராளத்துக்குரியதன்று. அனுபவ ஆண்டுவாரியாகப் பிரித்து ஒப்பிடும்போதே எஞ்சிய வேறுபாடு எவ்வளவு என்பது புலனாகும். சங்கம் சொன்ன ரூ.25,000-உம் ஒரு சராசரியே. இடைநிலை எவ்வளவு, அதற்குக் கீழே பெறுவோர் எத்தனை பேர், மிகைநேர ஊதியம் அதில் அடங்குமா என்ற வினாக்கள் அதற்கும் பொருந்தும். இரு தரப்பினரும் பொய் சொல்லவில்லை என்று கொண்டாலும், கேட்பவர் ஏமாறுவதற்கு இடமிருக்கிறது. பட்டம் பெற்ற ஒருவர் இந்த இடத்தில் ஏமாறலாகாது.

மூன்று கூற்றுகளும் மெய்

ஒப்பந்தத் தொழிலாளரைக் கணக்கில் சேர்ப்பதும் நீக்குவதும் எத்துணை வேறுபாட்டை விளைவிக்கும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கைக் காண்போம். ஓர் ஆலையில் நிரந்தரத் தொழிலாளர் 60 பேர், ஒவ்வொருவருக்கும் மாதம் ரூ.30,000. ஒப்பந்தத் தொழிலாளர் 40 பேர், ஒவ்வொருவருக்கும் ரூ.12,000. மொத்தக் கூலி ரூ.22,80,000, நூறு பேருக்குச் சராசரி ரூ.22,800. ஐந்தாண்டு கழித்து நிரந்தரத் தொழிலாளர் 40 பேராகக் குறைந்து, அவர்கள் ஊதியம் ரூ.36,000 ஆகிறது. ஒப்பந்தத் தொழிலாளர் 110 பேராகப் பெருகி, அவர்கள் ஊதியம் ரூ.15,000 ஆகிறது. இப்போது மொத்தக் கூலி ரூ.30,90,000, நூற்றைம்பது பேருக்குச் சராசரி ரூ.20,600.

நிரந்தரத் தொழிலாளரின் ஊதியம் நூற்றுக்கு 20 உயர்ந்தது. ஒப்பந்தத் தொழிலாளரின் ஊதியம் நூற்றுக்கு 25 உயர்ந்தது. ஆனால் ஆலையின் சராசரி ரூ.2,200 வீழ்ந்துவிட்டது. ஒவ்வொரு பிரிவிலும் உயர்வு, மொத்தத்தில் வீழ்ச்சி என்னும் இந்நிலையைச் சிம்ப்சன் முரண் என்னும் பெயரால் பாடநூல்கள் கடைசி அத்தியாயத்தில் ஒரு வேடிக்கையாகக் குறிப்பிட்டுச் செல்வதுண்டு. இதனை முதல் மாதத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்பேன். நிர்வாகத்தின் ஆண்டறிக்கை, 'எல்லாப் பிரிவினருக்கும் ஊதியம் உயர்ந்தது' என எழுதலாம். சங்கத்தின் துண்டறிக்கை, 'சராசரிக் கூலி சரிந்தது' என எழுதலாம். அரசின் செய்திக் குறிப்பு, 'வேலைவாய்ப்பு ஒன்றரை மடங்காயிற்று' என எழுதலாம். மூன்றும் மெய். நிரந்தர வேலை ஒப்பந்த வேலையாக மாறிய நிகழ்வை மூன்றில் ஒன்றும் சொல்லவில்லை.

கணக்கு கற்பனையேயாயினும் அதன் போக்கு கற்பனையன்று. 1959 முதல் இந்திய அரசு நடத்திவரும் தொழிற்சாலைகளின் ஆண்டு அளவாய்வு, நேரடியாக அமர்த்தப்பட்டோரையும் ஒப்பந்தக்காரர் வழியே அமர்த்தப்பட்டோரையும் தனித்தனியே எண்ணுகிறது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி அனைத்திந்திய அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவராக இருந்த ஒப்பந்தத் தொழிலாளர், 2022-23-இல் ஐந்தில் இருவர் என்னும் அளவைக் கடந்தனர். இவ்வளவாய்வில் தொழிற்சாலைகளின் எண்ணிக்கையால் முதலிடம் பெறும் மாநிலம் தமிழ்நாடு. பெருமைக்குரிய செய்திதான், எனினும் இங்கும் யார் எண்ணப்படுகிறார் என்று கேட்க வேண்டியுள்ளது. மின்விசையுடன் இயங்குமாயின் பத்துப் பேரும், மின்விசையின்றி இயங்குமாயின் இருபது பேரும் வேலை செய்யும் பதிவுபெற்ற இடங்களையே இவ்வளவாய்வு பெரும்பாலும் உள்ளடக்கும். பெரிய ஆலைக்கு உதிரிப் பாகம் செய்து தரும் பட்டறை எட்டுப் பேருடன் நடக்குமானால் அது இப்பட்டியலில் வராது. அதனைத் தேட வேறு அளவாய்வுகளுக்குச் செல்ல வேண்டும்.

நோக்கியா ஆலை மூடப்பட்டபோது வேலையிழந்தோர் எத்தனை பேர் என்ற வினாவுக்குப் பல விடைகள் உலவியதற்கும் இதுவே காரணம். நிரந்தரப் பணியாளரை மட்டும் எண்ணியவர் ஒரு விடையும், பயிற்சியாளரைச் சேர்த்தவர் ஒன்றும், உணவகத்திலும் பேருந்திலும் துணை ஆலைகளிலும் வேலை செய்தோரைச் சேர்த்தவர் வேறொன்றும் தந்தனர்.

தூசிக்குச் சென்ற மாணவர்கள்

வகுப்பறையிலிருந்து மாணவரை ஊருக்குள் அனுப்பிப் பொருளியல் கற்பித்தல் நமக்குப் புதிதன்று. கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலேயர் ஆக்ஸ்போர்டு ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்து சேர்ந்தார். இங்கிலாந்துப் பாடநூல்களை மனப்பாடம் செய்து ஒப்பித்த மாணவரிடம் அவர் ஒரு வினாப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் தாம் அறிந்த கிராமங்களுக்குச் சென்று நிலம், பயிர், கூலி, கடன், உணவு ஆகியவற்றைக் கேட்டெழுதி வரச் செய்தார். 1916-ஐ ஒட்டித் திரட்டப்பட்ட அவ்விவரங்கள், தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய நூலாக 1918-இல் வெளிவந்தன. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, தஞ்சாவூர்ப் பாலக்குறிச்சி, திருநெல்வேலிக் கங்கைகொண்டான், இராமநாதபுரம் வடமலைபுரம் ஆகியவற்றோடு வட ஆர்க்காட்டுத் தூசியும் அதில் இடம்பெற்றது. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வழியே காஞ்சிபுரம் சென்று பாலாற்றைக் கடந்தால் தூசி வந்துவிடும். இன்று அப்பக்கமும் செய்யாறு சிப்காட் வளாகத்தின் வேலையாட்களை ஏற்றும் பேருந்துகள் ஓடுகின்றன.

மாணவர் எழுதிய அக்குறிப்புகளின் பெருமை பிற்காலத்தில்தான் விளங்கியது. 1936-37-இல் பி. ஜே. தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் அதே கிராமங்களுக்குத் தம் காலத்து ஆய்வாளரை அனுப்பினர். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகன் முதலியோர் தூசியையும் இருவேல்பட்டையும் மீண்டும் ஆராய்ந்தனர். 2008-இல் இருவேல்பட்டில் மற்றோர் ஆய்வு நடந்தது. இளைஞர் சிலர் ஒரு விடுமுறையில் எண்ணி வைத்ததால், நூறாண்டுகளில் ஒரு கிராமத்து நிலமும் உழைப்பும் எவ்வாறு கைமாறின என்று சொல்ல இயன்றது. தேர்வில் முதல் வகுப்பு வாங்கிய விடைத்தாள் எதுவும் இவ்வளவு நாள் பயன்பட்டதில்லை.

அம்முறையில் குறையே இல்லை எனக் கூறுவதற்கில்லை. 1916-இல் பல்கலைக்கழகம் வரை செல்ல வாய்த்தவர் ஊரின் எத்தெருவினர் என்பதை ஊகிப்பது கடினமன்று. சேரியில் வாழ்ந்தவரின் கூலி எவ்வளவு என்ற விவரம், கூலி வாங்கியவரிடமிருந்து வந்ததினும் கூலி கொடுத்தவரிடமிருந்து வந்திருத்தலே இயல்பு. இன்றைய மாணவருக்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒரகடத்தையோ வல்லத்தையோ சேர்ந்த ஊர்களிலிருந்து படிக்க வருவோரில் கூலி வாங்கும் வீட்டினரும் உளர். அவர்கள் கேட்கும் கேள்வி வேறாக இருக்கும். அவர்களுக்குக் கிடைக்கும் விடையும் வேறாக இருக்கும். ஒரு வகுப்பில் நாற்பது மாணவர் இருந்து, ஆளுக்கு இருபது வீடுகளை எண்ணினால் எண்ணூறு வீடுகள். அடுத்த ஆண்டு வகுப்பு அதே வீடுகளுக்குச் செல்லலாம். மாதிரி எடுத்தல், விடையளியாமை, பிழை வீச்சு ஆகியவை அப்போது வெறும் அத்தியாயத் தலைப்புகளாக இரா. பூட்டிய வீட்டைக் கண்டு அடுத்த வீட்டில் கேட்டு எழுதிவிடலாமா என்று மாணவர் தயங்கும் அந்தக் கணத்தில், ஏன் கூடாது என்பதை விளக்க வேண்டும். பகலில் பூட்டிக் கிடப்பது கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் வீடு. அதை விட்டுவிட்டால் அளவாய்வு வேலையற்றோரையே மிகுதியாகக் காணும்.

இப்னு கல்தூனின் ஐயம்

எண்ணை நம்புமுன் சோதித்தல் என்னும் இப்பழக்கத்துக்கு நம் அறிவு மரபில் நல்லதொரு முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் இறுதியில், கி.பி. 1377-இல் தம் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், நூலின் தொடக்கத்திலேயே வரலாற்றாசிரியர்கள் எண்களில் இடறுவதை எடுத்துக் காட்டுகிறார். மூஸா நபி அவர்களின் படையில் ஆயுதம் தாங்கக் கூடிய ஆடவர் ஆறு இலட்சத்துக்கு மேல் இருந்தனர் என்று மஸ்ஊதி முதலியோர் எழுதியதை அவர் ஏற்கவில்லை. அவ்வளவு பெரிய படையை எகிப்தும் ஷாமும் தாங்கியிருக்க இயலுமா, ஓர் அணியின் நிலையை மறு அணி அறியாத போர்க்களத்தில் அதை நடத்தியிருக்க முடியுமா, சில தலைமுறைகளுக்குள் ஒரு குடும்பம் அத்தனை பேராகப் பெருகியிருக்கக் கூடுமா என்று மூன்று வழிகளில் அவ்வெண்ணை உரைத்துப் பார்க்கிறார். நிலத்தின் அளவு, நிர்வாகத்தின் அளவு, இனப்பெருக்கத்தின் வேகம் என்று ஒன்றையொன்று சாராத சான்றுகளைக் கொண்டு ஒரு கூற்றைச் சோதிக்கும் முறை அது. புள்ளியியலை முஸ்லிம்களே கண்டனர் என்று மார்தட்டுவதற்காக இதைக் கூறவில்லை. அத்தகைய கட்டுரைகள் வேண்டிய அளவு வந்துவிட்டன. ஐந்து இலட்சம் வேலைகள் உருவாகும் என்னும் அறிவிப்பை நாளிதழில் காணும் மாணவர், அத்தனை பேருக்கு எத்தனை ஏக்கர் ஆலை, எத்தனை பேருந்து, எத்தனை படுக்கை வேண்டும் என்று தாளில் வகுத்துப் பார்க்கத் தொடங்கினால் அவர் இப்னு கல்தூனின் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்.

திட்ட விலக்கமும் தொழிலாளியும்

பொருளியல் பட்டதாரிகள் சிலர் ஆலைகளில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலைக்குச் சேர்கின்றனர். அங்கே சிக்மா என்ற சொல் அன்றாடம் வழங்குகிறது. கல்லூரியில் தாம் படித்த திட்ட விலக்கமே அது என்பதை அவர்கள் அறிந்து கொள்ளப் பல மாதங்கள் ஆகலாம். இதில் தமிழுக்கும் சிறு பங்குண்டு. 'திட்டம்' என்றதும் மாணவர் மனத்தில் எழுவது ஐந்தாண்டுத் திட்டமே. இலங்கைத் தமிழர் வழங்கும் 'நியம விலகல்' இவ்வகையில் சற்றுத் தெளிவானது. 1960-இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ் வழிப் பட்டப் படிப்பு தொடங்கிய காலந்தொட்டு எத்தனையோ கலைச்சொற்கள் ஆக்கப்பட்டன. ஆலைக்குள் வழங்கும் சொல்லோடு அவற்றை இணைத்துக் காட்டும் ஒரு பக்கம் பாடநூலில் இருந்தால் போதும்.

அமெரிக்காவின் வால்டர் ஷூவார்ட் 1924-இல் வகுத்த கட்டுப்பாட்டு வரைபடமே இன்றும் ஆலைகளில் பயன்படுவது. மகலநோபிஸின் அழைப்பின் பேரில் 1947-48-இல் அவர் இந்தியாவுக்கும் வந்திருந்தார். அவரது கருத்து எளியது. ஒரே இயந்திரம், ஒரே ஆள், ஒரே பொருள் என்றாலும் அளவுகள் சிறிது மாறிக் கொண்டேயிருக்கும். அம்மாற்றம் செயல்முறையின் இயல்பு. சராசரிக்கு மேலும் கீழும் மூன்று சிக்மா தொலைவில் கோடுகள் வரைந்து, அவற்றுக்கு அப்பால் புள்ளி விழுந்தால் மட்டுமே தனிக் காரணம் தேட வேண்டும். கோடுகளுக்குள் ஏறி இறங்கும் புள்ளிக்காகத் தொழிலாளியைக் கடிந்து கொள்வது, தாயம் விழவில்லை என்பதற்காகக் கையைக் குறை கூறுவது போன்றதாகும்.

கோட்டைக் கடந்த புள்ளியும் எப்போதும் குற்றத்தைக் காட்டாது. அளவுகள் இயல்நிலைப் பரவலில் அமைந்திருந்தால் பத்தாயிரம் புள்ளிகளில் ஏறத்தாழ 27, எப்பழுதும் இன்றியே கோட்டைக் கடக்கும். ஒரு ஷிப்டில் நாற்பது புள்ளிகள், நாளுக்கு மூன்று ஷிப்டுகள், ஆண்டுக்கு 300 நாட்கள் என்றால் 36,000 புள்ளிகள். அவற்றில் சுமார் 97 பொய்யான எச்சரிக்கைகள். ஒவ்வொரு முறையும் ஓர் ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் குறிக்கப்பட்டு, மூன்று குறிப்புகள் சேர்ந்தால் மறுநாள் வர வேண்டாம் என்று சொல்லப்படுமானால், முப்பதுக்கு மேற்பட்டோர் வரை தற்செயலால் வேலையிழக்கக் கூடும். முதல் வகைப் பிழை என்பதன் பொருளை இதைவிட உறைக்குமாறு எந்தக் கருதுகோள் சோதனையும் கற்பிக்காது.

விடுதியும் குடும்பமும்

2021 டிசம்பரில், பாக்ஸ்கான் ஆலையில் பணிபுரிந்த பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனை சென்றதை அடுத்து, தொழிலாளர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். ஊதியம் என்பது பணம் மட்டுமே எனக் கற்பிக்கும் பொருளியல் இந்நிகழ்வை விளக்காது. படுக்கை, சோறு, பேருந்து ஆகிய மூன்றும் வேலையோடு சேர்ந்தே வரும்போது, வேலையை விட்டால் இருப்பிடமும் போய்விடுகிறது. அருகில் இருபது ஆலைகள் இருந்தும் அப்பெண்ணுக்கு வேலையளிப்பவர் ஒருவரே என்பது போன்ற நிலை ஏற்படுகிறது. உழைப்பை வாங்குபவர் ஒருவராக அமையும் சந்தையை ஜோன் ராபின்சன் 1933-இல் விளக்கியது பாடத்திட்டத்தில் உள்ளது. இந்த எடுத்துக்காட்டைத்தான் அதில் சேர்க்க வேண்டும்.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட் வளாகத்தில் 18,720 பேர் தங்கத்தக்க விடுதி ரூ.706.50 கோடிச் செலவில் கட்டித் திறக்கப்பட்டது. ஒரு படுக்கைக்கு ஏறத்தாழ ரூ.3.77 இலட்சம். இச்செலவு ஊதியத்தில் சேருமா, ஆலைக்கான மானியமா, பொதுக் கட்டுமானமா என்று வகுப்பில் ஒரு மணி நேரம் வாதிடலாம்.

இதே விடுதி புள்ளியியலுக்கு வேறொரு சிக்கலைத் தருகிறது. தேசிய மாதிரி அளவாய்வின் இலக்கணப்படி, ஒன்றாக வாழ்ந்து ஒரே அடுக்களையில் உண்போர் ஒரு குடும்பம். விடுதியில் தங்குவோர் ஒவ்வொருவரும் தனித்தனி ஓராள் குடும்பம். தருமபுரியிலிருந்து வந்த ஒரு பெண் மாதம் ரூ.16,000 பெற்று, ரூ.9,000 வீட்டுக்கு அனுப்பி, ரூ.7,000 தனக்குச் செலவிடுகிறார் என்று கொள்வோம். ஊரில் உள்ள நால்வர் அப்பணமும் சேர்த்து ரூ.20,000 செலவிடுகின்றனர். அளவாய்வில் ஊர்க் குடும்பத்தின் தலைக்குச் செலவு ரூ.5,000, விடுதிக் 'குடும்பத்தின்' தலைக்குச் செலவு ரூ.7,000. ஐவரையும் ஒன்றாக எண்ணினால் ரூ.5,400. ஒரு வீட்டின் வறுமை ஓரிடத்திலும், அதைப் போக்க உழைப்பவரின் 'வசதி' மற்றோரிடத்திலும் பதிவாகின்றன. பின்னர் அவ்விரண்டின் வேறுபாடு இரு மாவட்டங்களின் ஏற்றத்தாழ்வாகவும் எழுதப்படலாம்.

அவ்விலக்கணத்தில் ஒரு விதிவிலக்கும் உண்டு. விடுதியில் தங்குவோரில் சிலர் தம் வருவாயை ஒன்றாகத் திரட்டிச் செலவிடுவாராயின் அவர்களை ஒரே குடும்பமாகக் கொள்ளலாம். ஓர் அறையில் ஆறு பெண்கள் பணம் போட்டு அரிசி வாங்கிச் சமைத்தால், அவர்களுள் இருவர் பெரம்பலூரும் ஒருவர் திண்டுக்கல்லும் எஞ்சியோர் வேற்று மாநிலமும் ஆனாலும், அளவாய்வுத் தாளில் அவர்கள் ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம். வினாப் பட்டியலோடு கதவைத் தட்டும் மாணவர், பெயரையும் வயதையும் கேட்பதற்கு முன், அரிசிக்கான பணத்தை யார் கொடுத்தது என்று கேட்க வேண்டியிருக்கும்.